திராட்சைத் தோட்டத்துக் கூலி
(மாதர் கூட்டத்தில் பேசியது)



நாம் எடுக்கிற கொழுந்து இஸ்டோருக்குப் போய் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். தென்னாப்பிரிக்காவில், ஸ்டெல்லன்பாஷ் ஊர்ப்பக்கம், நம்மைப் போல மலைச்சரிவில் வேலை செய்கிறவர்கள் பறிப்பது திராட்சை. கம்பெனித் தோட்டமும் உண்டு, குடும்பத் தோட்டமும் உண்டு. கனோன்கொப் ஒரு குடும்பத் தோட்டம். நான்கு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பெயருக்குப் பீரங்கிக் குன்று என்று அர்த்தம். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் அங்கிருந்து பீரங்கி வெடித்து அறிவிப்பார்களாம்.

அங்கே சிவப்பு வைன் செய்கிறார்கள். கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் சாறு சிவப்பாக வரும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். வராது. சாறு வெளுப்பு, நிறமெல்லாம் தோலில். அதனால் காம்பை நீக்கி, நசுக்கி, தோலோடே தொட்டியில் விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுவாக்குகிறது. அப்போது கிளம்பும் வாயு தோலையெல்லாம் மேலே தூக்கி, பாலாடை மாதிரி தடிப்பாக மூடிவிடும். அதைத் திரும்பத் திரும்ப உள்ளே அழுத்தாவிட்டால் நிறம் இறங்காது, மேலே கிடந்து கெட்டும் போகும். கனோன்கொப்பில் திறந்த சீமெந்துத் தொட்டிகள். ஆட்கள் மேலே நின்று, இரவு பகலாகக் கையால் அழுத்துகிறார்கள். காற்றோட்டமில்லாத இடத்தில் அந்த வாயு ஆளையே கொல்லும். பிறகு பிழிந்து, ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைப்பார்கள்.

இனி கூலிக்கு வருவோம். அந்த மாகாணத்தில் 'டொப்' என்றொரு வழக்கம் இருந்தது. கூலியில் ஒரு பங்கை மட்டமான வைனாகவே கொடுத்துவிடுவது. 1960களில் சட்டம் தடுத்த பிறகும் பல தோட்டங்களில் 1990கள் வரை நடந்தது. தாய் குடித்ததால் கருவிலேயே மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள் உலகத்திலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. வகுப்பில் நிற்கிற எங்களுக்கு இதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது.

2012 கடைசியில் அங்கே வேலைநிறுத்தம். டி டூர்ன்ஸில் சாப்பாட்டுத் திராட்சை பறிக்கிறவர்கள் தொடங்கினார்கள், வைன் தோட்டங்களுக்கும் பரவியது. அன்று குறைந்த நாட்கூலி 69 ராண்ட். கேட்டது 150. 2013 மார்ச்சில் கிடைத்தது 105.

நமக்கு யாரும் கூலியாகச் சாராயம் தருவதில்லை. சம்பளத்தன்று நாமே தவறணையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு அக்கா, போன மாதம் எவ்வளவு அங்கே போனது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் எழுத வேண்டாம், தொகை போதும்.