விண்ணப்பத் தாளில் விட்டுவந்த வேலை



மூன்றே மாதத்தில் விட்டுவந்த வேலையை விண்ணப்பத்தில் எழுதுவதா, மறைப்பதா என்று நம் பிள்ளைகள் கேட்கின்றனர். அவமதிப்புத் தாளாமல் வந்தவர்க்கு இக்கேள்வி ஆறாத புண்ணைத் தொடுவதாகும்.

அண்ணல் அம்பேத்கரை நினையுங்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அவர், 1917இல் அச்சமஸ்தானத்தில் பணியேற்றார். தங்க இடம் கிட்டவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கினார்; பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. வேலையைத் துறந்து பம்பாய் திரும்பினார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியரானார். பரோடாவில் நேர்ந்ததைப் பின்னர்த் தம் கையாலேயே எழுதியும் வைத்தார்.

ஆகவே, படிவம் முந்தைய பணிகளைக் கேட்டால் மறைக்காதீர்கள். அரசுப் பணியில் மறைத்தது பின்னர் வெளிப்பட்டால் வேலையே பறிபோகலாம். பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், கற்ற தொழில் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். நாமே எழுதும் தன்விவரக் குறிப்பில் சில வாரப் பணியை விட்டுவிடலாம். நாள்களை நீட்டி எழுதுவதோ பொய்யாகும். நேர்முகத் தேர்வில் காரணம் கேட்டால், "அங்குத் தொடர இயலவில்லை, ஆயினும் கணக்கெழுதக் கற்றேன்" என்பதுபோல் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பழைய முதலாளியை ஏசாதீர்கள்.

பலரறியச் சாதி சொல்லி இழிவு செய்திருந்தால், அதை முறையிட வேண்டிய இடம் விண்ணப்பத் தாளன்று, காவல் நிலையம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்கென்றே உள்ளது.

வெட்கம் இழிவு செய்தவர்க்குரியது, நமக்கன்று.