எங்க தாத்தா பேருக்குப் பின்னாடி ஒரு சொல்

இன்னைக்கு எபிசோடு ஒரு ஃபார்ம்ல இருந்து ஆரம்பிக்குது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கம்பெனி போர்ட்டல்ல ‘லாஸ்ட் நேம்’னு ஒரு கட்டம். பக்கத்துல சிவப்பு நட்சத்திரம். நிரப்பாம அடுத்த பக்கம் போக முடியாது. நமக்கு ஏது லாஸ்ட் நேம்? இனிஷியல்தான் இருக்கு. அதை விரிச்சு அப்பா பேரைப் போட்டேன். அன்னையிலேருந்து வெளிநாட்டு டீம் முழுக்க மெயில்ல என்னை எங்க அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுது. அப்பா கல்வராயன் மலையில, வெள்ளிமலைக்குப் பக்கத்துல மரவள்ளிக் காட்டுல களை எடுத்துக்கிட்டு இருப்பார். இங்க ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல அவர்கிட்ட, “உங்க டாஸ்க் எப்ப முடியும்?”னு கேட்டுட்டு இருப்பாங்க.

எங்க டீம்ல அயர்லாந்துக்காரர் ஒருத்தர் இருக்கார். அவர் குடும்பப் பேர் ‘ஓ’ன்னு ஆரம்பிக்கும். ஒரு நாள் ரெண்டு பேரும் ஒரு டெப்ளாய்மென்ட் முடியறதுக்காகக் காத்துட்டு இருந்தோம். அந்த ‘ஓ’வுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். “பேரன்”னு சொன்னார். ‘மாக்’னா மகன், ‘ஓ’ன்னா பேரன், அதாவது வழிவந்தவன். பெண்களுக்கு அதே பேர் ‘நீ’ன்னு மாறும். ஓ பிரையன்னா பிரையன் வழியில வந்தவங்க. அந்தப் பிரையன் போரு 1014-ல க்ளான்டார்ஃப் போர்ல செத்துப்போன ராஜா. ஆயிரம் வருஷமா ஒரு தாத்தாவோட பேர் ஓடிக்கிட்டு இருக்கு!

அவர் இன்னொண்ணும் சொன்னார். அதே பேர் இருக்கிற எல்லாரும் ஒரே ரத்தம் கிடையாதாம். தலைவனோட பேரை அவன் நிலத்துல வாழ்ந்தவங்க, அவனை அண்டி இருந்தவங்களும் எடுத்துக்கிட்டாங்க. ஆங்கிலேய ஆட்சியில நிறைய பேர் ‘ஓ’வையும் ‘மாக்’கையும் உதறிட்டாங்க. 19-ஆம் நூற்றாண்டு முடிவுல கேலிக் மொழிக்கு மறுபடி மரியாதை வந்தப்போ பலர் திரும்ப ஒட்டிக்கிட்டாங்க. சில குடும்பங்கள்ல பேரையே மொழிபெயர்த்துட்டாங்க. கேலிக்ல ‘கவ’ன்னா கொல்லர். அந்தப் பேர் இருந்தவங்க பல பேர் ‘ஸ்மித்’ ஆகிட்டாங்க.

“உங்க பேருக்கு என்ன கதை?”னு அவர் கேட்டார். எனக்கு உடனே பதில் வரல. ஆனா எங்க தாத்தாவோட பழைய காகிதம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அதுல அவர் பேருக்குப் பின்னாடி ‘கவுண்டர்’னு இருந்துச்சு. அந்த ஒரு சொல் எங்க வீட்டுல என்ன பண்ணுச்சுங்கிறதைக் கடைசியில சொல்றேன். முதல்ல அந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சுன்னு பாப்போம்.

பழைய கன்னடக் கல்வெட்டுகள்ல ‘காவுண்ட’ன்னு ஒரு சொல் வரும். ஊர்த்தலைவன்னு அர்த்தம். அதுதான் கர்நாடகாவுல ‘கவுடா’ ஆச்சு. இந்தப் பக்கம் ‘கவுண்டர்’. அதாவது இது முதல்ல ஒரு பதவி. ஒரு ஊருக்கு ஒரு ஆள். இன்னைக்கும் எங்க மலையில ‘ஊர்க்கவுண்டர்’னா அந்த ஊர் வழக்கு, திருவிழா, கல்யாணம் எல்லாத்துக்கும் முன்னால நிக்கிறவர்.

பதவி எப்படி எல்லாருக்கும் பேராச்சு? தலைவன் கவுண்டர்னா அவன் பங்காளியும் கவுண்டர், அவன் கூட்டமும் கவுண்டர். இப்படியே பரவிடுச்சு. அதுவும் ஒரு சமூகத்துக்குள்ள மட்டும் இல்ல. கொங்கு வேளாளர்கள்ல கவுண்டர் உண்டு. சேலம், தர்மபுரி பக்கம் வன்னியர்கள்ல கவுண்டர் உண்டு. எங்க மலையில மலையாளிகள்ல கவுண்டர் உண்டு. கோட் எழுதுறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, இது பிரைமரி கீ கிடையாது. ஒரே ஸ்ட்ரிங் மூணு நாலு டேபிள்ல இருக்கு. அதை மட்டும் வச்சு ஜாயின் போட்டா தப்பான ஆள்தான் வருவான்.

‘மலையாளி’ன்னு சொன்னேன்ல, அதுலயே அடுத்த குழப்பம். ஆபீஸ்ல கேரளாக்கார நண்பன் ஒருத்தன் ஆசையா, “நாட்டில் எவிடெயா?”ன்னு கேட்டான். நான் முழிச்சேன். எங்க மலையாளி வேற. மலையை ஆள்றவங்க, மலை ஆளுங்க. பேசுறது தமிழ்தான். கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி, ஜவ்வாது, ஏலகிரின்னு கிழக்குத் தொடர்ச்சி மலை முழுக்க இருக்கோம். 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பழங்குடிகள் ஏறக்குறைய 8 லட்சம் பேர். அதுல மூணரை லட்சத்துக்கு மேல மலையாளிகள். மாநிலத்துலயே பெரிய பழங்குடி இதுதான்.

இவ்வளவு மலைக்கும் ஒரே மக்கள் எப்படிப் போனாங்க? எங்க ஆயா சொன்ன கதை: “நம்ம பாட்டனுங்க காஞ்சியிலேருந்து வந்தவங்க கண்ணு. அண்ணன் தம்பி மூணு பேரு. சாமிதான் முன்னாடி வந்துச்சு, இவங்க பின்னாடியே வந்தாங்க.” நான் சின்ன வயசுல இதை ஆயா கட்டிவிட்ட கதைன்னுதான் நினைச்சேன். காலேஜ் லைப்ரரியில எட்கர் தர்ஸ்டன் 1909-ல போட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதியைப் புரட்டினா, அதே கதை அங்க இருக்கு. கரிராமன்ங்கிற சாமி காஞ்சியை விட்டுக் கிளம்புது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு பேர் குடும்பத்தோட பின்னால வர்றாங்க. சேலம் பக்கம் வந்ததும் ஆளுக்கொரு வழியா பிரிஞ்சு போறாங்க. யார் எந்த மலைக்குப் போனாங்கங்கிறது சொல்ற ஆளைப் பொறுத்து மாறும்.

அந்தப் பேர்களைக் கவனிங்க. பெரியவன், நடுவுலவன், சின்னவன். இது பேரே இல்ல, முறை. அந்தக் கதை எனக்குச் சொல்றது வரலாற்றை விட உறவைத்தான். இந்த மலைக்காரனும் அந்த மலைக்காரனும் பங்காளி, பஞ்சம் வந்தா போய் நிக்கலாம், அதுக்கான வரைபடம். அயர்லாந்துலயும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. மீல்ங்கிறவனோட பிள்ளைகள் கடல் தாண்டி வந்து, ஏபெர், ஏரெமோன்னு ரெண்டு அண்ணன் தம்பி தீவை தெற்கு வடக்கா பிரிச்சுக்கிட்டாங்களாம். பின்னாடி வந்த குடும்பங்கள் எல்லாம் தங்களோட வம்ச வரிசையைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளைகள்கிட்ட சேர்த்தாங்க. மனுஷங்க எங்க இருந்தாலும் பரவினதுக்கு அப்புறம் ஒரு அப்பாவைத் தேடுவாங்க போல.

ஆனா ஆயா கதையில ஒரு பகுதி கிடையாது. அது புத்தகத்துல இருக்கு. தென்னார்க்காடு பக்கத்து மலைக்காரங்க சொன்னதா பதிவானது: மலையில முன்னமே வேடர்கள் இருந்தாங்க. வந்தவங்க ஆம்பளைகளைக் கொன்னுட்டு, பெண்களைக் கட்டிக்கிட்டாங்க. செத்த வேடனோட ஞாபகமா கல்யாணத்துல வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு சுடுவாங்களாம். இதைப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் புத்தகத்தை மூடாம உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தம்பி மூணு பேருக்கும் பேர் இருக்கு. அந்தப் பெண்களுக்கு இல்ல. எங்க பரம்பரையில பாதி அவங்கதானே?

சரி, பேர் கதைக்குத் திரும்புவோம். கல்வராயன் மலை ரொம்ப காலம் ஜாகிரா இருந்துச்சு. எங்க பக்கத்து ஜாகிர்களோட பேரே சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர். அந்தக் குடும்பங்கள்தான் ஆண்டாங்க. மத்தவங்க அவங்களுக்கு வரி கட்டினாங்க, கூலியில்லாத வேலையும் செஞ்சாங்க. அரசாங்கம் ஜாகிர்களை எடுத்துக்கிட்டது 1976-லதான். நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சு. ஆண்டவரும் கவுண்டர்தான், அவர் காட்டுல வேலை செஞ்ச எங்க தாத்தாவும் கவுண்டர்தான். சொல் ஒண்ணு, வாழ்க்கை ரெண்டு. அயர்லாந்து நண்பர் சொன்ன மாதிரி, தலைவன் பேர் எல்லாருக்கும் கிடைக்கும். தலைவன் நிலம் கிடைக்காது.

தமிழ்நாட்டுல அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தைப் பேருக்குப் பின்னாடி போட வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. பெரியாரே நாயக்கரை விட்டார். மெதுவா அது பழக்கமாச்சு. எங்க மலைக்கு அது பள்ளிக்கூடம் வழியா வந்துச்சு. வாத்தியார் பதிவேட்டுல அப்பா பேரை வெறும் பேரா எழுதினார். தாத்தா பேர்ல கவுண்டர் இருந்துச்சு, அப்பா பேர்ல இல்ல, எனக்கு ஒரு எழுத்து இனிஷியல் மட்டும். மூணு தலைமுறையில நடந்தது இவ்வளவுதான். நல்லதுக்குத்தான் நடந்துச்சு, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல.

இப்ப நான் சொல்றேன்னு சொன்ன விஷயம். என் தங்கச்சி பிளஸ் டூ முடிச்சா. நர்சிங் படிக்கணும்னு ஆசை. சாதிச் சான்றிதழ் வேணும். எஸ்.டி. சான்றிதழ் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்கணும். அதுக்கு விசாரணை உண்டு. பழைய ஆவணம் ஏதாவது கொண்டு வாங்கன்னாங்க. அப்பா பத்திரமா வச்சிருந்த தாத்தாவோட காகிதத்தை எடுத்துட்டுப் போனார். அங்க உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்துட்டு, “கவுண்டர்னு போட்டிருக்கே, நீங்க பி.சி. தானே?”ன்னு கேட்டார்.

அப்பா, “இல்லீங்க சார், நாங்க மலையாளிங்க”ன்னார்.

“மலையாளின்னா கேரளாவா?”

அப்பா அன்னைக்கு ராத்திரி கடைசி பஸ் பிடிச்சு மலை ஏறி வந்து, சாப்பிடாம படுத்துட்டார். எந்தக் காகிதத்தை ஆதாரம்னு இத்தனை வருஷம் தகரப் பெட்டியில காப்பாத்தினாரோ, அதுவே எதிர்சாட்சி ஆகிடுச்சு. அப்புறம் ஊருக்கு வந்து விசாரிச்சாங்க. ஊர்க்கவுண்டர் பேசினார், ஆயா பேசினாங்க, சொந்தக்காரங்களோட சான்றிதழ் காட்டினோம். கடைசியில சான்றிதழ் வந்துச்சு. ஆனா கலந்தாய்வு முடிஞ்சு போச்சு. தங்கச்சி ஒரு வருஷம் வீட்டுல இருந்தா. கடுக்காய் பொறுக்கப் போனா, மரவள்ளி பிடுங்கப் போனா. அடுத்த வருஷம் சேர்ந்தா. இன்னைக்கு நர்ஸ். அந்த ஒரு வருஷத்தைப் பத்தி அவ ஒண்ணும் பேச மாட்டா. எனக்குத்தான் ஆறல.

எங்களுக்காவது ஒரு வருஷத்தோட போச்சு. ஈரோடு மாவட்டத்துல, அந்தியூருக்கு மேல பர்கூர் மலையில இருக்கிற மலையாளிகளுக்கு அந்தச் சான்றிதழே கேள்விக்குறியா இருந்து வந்திருக்கு. காரணம் பட்டியலோட அமைப்பு. 1976 திருத்தத்துல மலையாளிங்கிற பேருக்குப் பக்கத்துலயே மாவட்டங்கள் இருக்கு: தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சி. பர்கூர் அப்போ கோயம்புத்தூர் மாவட்டம். ஈரோடு பிரிஞ்சது 1979-ல. ஆக, அதே மக்கள், அதே பேர், ஆனா மாவட்டம் பட்டியல்ல இல்ல. ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. மூணு அண்ணன் தம்பி கதையில மலைகள்தான் உண்டு, மாவட்ட எல்லை கிடையாது.

எங்க கதையையே பாருங்களேன். தாத்தா தென்னார்க்காடு மாவட்டம். நான் பிறந்தது விழுப்புரம் மாவட்டம், அது 1993-ல பிரிஞ்சது. 2019 நவம்பர் 26-லேருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். யாரும் வீட்டை மாத்தல. மூணு தலைமுறையும் ஒரே கொல்லையிலதான் சாமை விதைச்சோம்.

நான் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன். அதனால என் கவலையும் அந்த மாதிரிதான் இருக்கும். பேரை வச்சு ஆளை முடிவு பண்ணாதீங்க. பேர் பதவியா பிறக்கும், பட்டமா பரவும், வாத்தியார் கையில சுருங்கும், மொழிபெயர்ப்புல மாறும். அது எங்க, எப்ப, யாரால எழுதப்பட்டதுன்னு பக்கத்துல இருந்தாதான் அதுக்கு அர்த்தம்.

அந்த அயர்லாந்து நண்பருக்கு இதையெல்லாம் ஒரு நாள் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, இனிமே உன்னை உன் பேரைச் சொல்லியே கூப்பிடுறேன்னார். இப்பவும் மெயில்ல அப்பா பேர்தான் வருது, சிஸ்டம் அப்படி. அப்பாகிட்ட சொன்னேன். “இருக்கட்டும் விடுடா, நானும் ஒரு கம்பெனியில வேலை பார்த்த மாதிரி இருக்கும்”னு சிரிச்சார்.

உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுல பழைய பத்திரம், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஏதாவது இருந்தா எடுத்துப் பாருங்க. தாத்தா பாட்டி பேர் எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க. பக்கத்துல பெரியவங்க இருந்தா, யார் எழுதினது, ஏன் அப்படின்னு கேட்டு ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க. நான் ஆயா குரலை அப்படித்தான் வச்சிருக்கேன். ஏழு நிமிஷம். ஆயா போன வருஷம் தவறிட்டாங்க.