அடையாற்றுக் கதிரும் எலும்பின் வலியும்



சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் நிலையத்தை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1923-ஆம் ஆண்டில் தம் சகோதரி புற்றுநோயால் மாண்டதை மறவாதவராய், பல்லாண்டு முயன்று உருவாக்கிய நிலையம் அது. 1952-இல் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அதன் கதவுகள் திறந்தன. 1957-இல் கோபால்ட்-60 இயந்திரம் அங்கே இயங்கத் தொடங்கியது. கோபால்ட் அணுக்கள் சிதையும்போது வெளிப்படும் காமாக் கதிர்கள் தோலைக் கடந்து உள்ளே ஆழமாகப் பாய வல்லவை. இன்று அப்பணியைப் பெரும்பாலும் மின்விசையால் இயங்கும் வேறு இயந்திரங்கள் செய்கின்றன.

கதிர் சிகிச்சை என்றதும் நோயை அடியோடு அழிக்கும் சிகிச்சை என்றே பலரும் எண்ணுகிறோம். அதற்கு மற்றொரு பணியும் உண்டு. மார்பகம், நுரையீரல், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் தோன்றும் புற்று, இரத்தத்தின் வழியே சென்று முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் குடியேறுவதுண்டு. அந்நிலையில் நோயை முற்றும் நீக்குதல் பெரும்பாலும் இயலாது. ஆனால் வலியைத் தணிக்க இயலும்.

எலும்பு கல்லைப்போல் மாறாதிருப்பதன்று. அதை அரிக்கும் அணுக்களும் கட்டும் அணுக்களும் ஓயாமல் உழைக்கின்றன. புற்றணுக்கள் வந்து அரிப்பவற்றைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு மெலிகிறது, நரம்புகள் உறுத்தப்படுகின்றன; இரவில் புரண்டு படுக்கவும் முடிவதில்லை. கதிர் பட்டதும் புற்றணுக்கள் பெருகும் ஆற்றலை இழக்கின்றன, அரிப்பும் அடங்குகிறது. பத்துப் பேரில் ஏறத்தாழ அறுவருக்கு வலி குறைகிறது. சிலருக்கு முற்றும் நீங்குகிறது. முதல் சில நாட்களில் வலி சற்று மிகுவதும் உண்டு. அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை, மருந்து உண்டு.

இனி, நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது இது. முன்பெல்லாம் இச்சிகிச்சையைப் பத்து நாள், பதினைந்து நாள் என்று பகுத்தே கொடுத்தார்கள். பல நாடுகளில் நோயாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்ததில், 8 கிரே அளவுள்ள கதிரை ஒரே முறை செலுத்தினாலும் வலி அதே அளவு தணிவது தெளிவாயிற்று. பின்னர் மீண்டும் ஒருமுறை சிகிச்சை தேவைப்படுவோர் மட்டும் இம்முறையில் சற்று மிகுதி. எலும்பு முறியும் நிலையிலோ, தண்டுவடம் நசுங்கும் நிலையிலோ கணக்கு வேறு. கால்கள் திடீரென வலுவிழந்தால் அன்றே மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் மூதாட்டி ஒருவரை நினைத்துப் பாருங்கள். பத்து நாள் சிகிச்சை என்றால் சென்னையில் வாடகை அறை, துணைக்கு வந்த மகனின் கூலி இழப்பு, நாள்தோறும் நோகும் இடுப்போடு பேருந்துப் பயணம். ஒரே முறை என்றால், சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்துவிட்டு எழும்பூரில் ரயிலேறலாம். வலி குறைவதை இரண்டொரு வாரத்தில் தம் வீட்டுத் திண்ணையிலேயே அவர் உணர்வார்.