ஒரு நிமிஷம், சேவ் பண்ணிட்டு வரேன்

"வீட்ல என்ன கேம் விளையாடுறே, அதைப் பத்திப் பேசு"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பேசிடலாம். ஆனா இது ரிவ்யூ இல்லை, பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடப் போறதும் இல்லை. வேலை முடிஞ்சு, சாப்பிட்டு, டிவி முன்னாடி உட்காரும்போது எனக்கு மிஞ்சுறது ஒரு மணி நேரம். மாசத்துல ஒரு வாரம் ஆன்-கால் வேற. எப்போ வேணா சர்வர் படுக்கும், எப்போ வேணா போன் அடிக்கும். அதனால புது கேம் எடுத்தா கிராஃபிக்ஸுக்கு முன்னாடி நான் பார்க்கிறது ஒண்ணுதான்: இதை எப்போ நிறுத்தலாம்?

நம்மள்ல பல பேருக்கு முதல் கன்சோல் எது? பிளேஸ்டேஷன்னு பீலா விடாதீங்க. டிவி கேம்தான். ரெண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, "9999 இன் 1"னு எழுதின மஞ்சள் கேசட். உள்ள போனா அதே மாரியோ, கான்ட்ரா, ரோட் ஃபைட்டர் பேரை மாத்தி மாத்தி வரும். அந்த செட்டே நின்டெண்டோ 1983ல ஜப்பான்ல விட்ட ஃபேமிகாமோட நகல்னு எனக்குக் காலேஜ்லதான் தெரிஞ்சது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985ல வந்த கேம். அதுல சேவ் கிடையாது. கேசட்டுக்குள்ள இருக்கிறது படிக்க மட்டும் முடியற சிப், எழுத இடமே இல்லை. செல்டா மாதிரி சில கேசட்டுக்குள்ள சின்னதா ஒரு பேட்டரி வெச்சு, செட்டை அணைச்ச பிறகும் மெமரியை உயிரோட வெச்சிருந்தாங்க. நம்ம மஞ்சள் கேசட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நானும் தம்பியும் டிவியை மட்டும் அணைச்சுட்டு செட்டை ராத்திரி முழுக்க ஓட விடுவோம். அடாப்டர் தோசைக்கல் மாதிரி சுடும். கரண்ட் போச்சுன்னா காலைல மறுபடியும் 1-1.

அப்புறம் சேவ் பண்ற வசதி வந்துச்சு. உடனே அதையே ஒரு வில்லத்தனமா மாத்தினவங்களும் வந்தாங்க. முதல் ரெசிடென்ட் ஈவில், 1996. அதுல சேவ் பண்ண ஒரு டைப்ரைட்டரைத் தேடணும், அதுக்கு இங்க் ரிப்பன் கையில இருக்கணும். ரிப்பன் எண்ணி வெச்சதுதான். ஜாம்பியை விட ரிப்பன் தீர்ந்துடுமோங்கிற பயம்தான் அதிகம். எனக்கு அந்த ஐடியா ரொம்பப் பிடிக்கும், சும்மா சொல்லலை.

இப்போ பிளட்போர்ன். 2015, பிஎஸ்4ல மட்டும் வந்தது. யார்னம்னு ஒரு பாழடைஞ்ச ஊர், ராத்திரி வேட்டை, தெரு முழுக்க வெறி பிடிச்ச ஜனங்க. செத்தா, அதுவரைக்கும் சேர்த்த எல்லாம் செத்த இடத்துலயே கிடக்கும். சில நேரம் உங்களைக் கொன்னவனே அதை எடுத்து வெச்சுப்பான், அவன் கண்ணு மின்னும். திரும்பப் போய் எடுக்கணும். போற வழியில இன்னொரு தடவை செத்தா அவ்வளவும் போச்சு. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. இந்த கேமை நடுவுல நிறுத்தி வைக்கவே முடியாது. மெனுவைத் திறந்தாலும் பின்னாடி உலகம் ஓடிட்டே இருக்கும், கோடாலியும் வந்துட்டே இருக்கும்.

ஊர்ல இருந்து அம்மா ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுவாங்க. கல்லறைக்குள்ள ஃபாதர் காஸ்காயின்னு ஒருத்தர் கூடச் சண்டை, உயிர் குறைஞ்சதும் மிருகமா மாறுவார். மாறிட்டார். போன் அடிக்குது. எடுத்தேன். "சாப்டியா?" "சாப்டேன்மா." "என்ன சத்தம் அங்க?" "நான் செத்துட்டேன்மா." எதிர்ப்பக்கம் ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் விழுந்த திட்டை எடிட்டிங்ல எடுத்துட்டோம்.

ஒரு இன்ஜினியரா பார்த்தா நிறுத்தி வைக்கிறது பெரிய விஷயமே இல்லை, அந்த லூப்பை ஓடாம விட்டா போதும். வேணும்னேதான் கொடுக்காம விட்டிருக்காங்க. சேவும் அது பாட்டுக்கு எழுதிட்டே இருக்கும், பழைய சேவுக்குத் திரும்பிப் போற வழி கிடையாது. கமிட் மட்டும் இருக்கு, ரோல்பேக் இல்லாத டேட்டாபேஸ். இதைக் குறைன்னு நான் சொல்ல மாட்டேன். மூச்சு விட இடம் கொடுத்திருந்தா யார்னம்ல அந்த பயம் இருந்திருக்காது. ஆனா ஆன்-கால் வாரத்துல அந்த டிஸ்க் அலமாரியை விட்டு வராது.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வேற மாதிரி பிரச்சினை. ஒரு அலமாரியைத் திறக்க ஒரு அனிமேஷன், ஒரு டப்பாவை எடுக்க ஒரு அனிமேஷன். மிஷன் நடுவுல சேவும் பண்ண முடியாது. ஆர்தர் மார்கன் கதைக்காகப் பொறுத்துக்கலாம், ஆனா லீவு போட்டுட்டு ஆடுங்க.

ஸ்விட்ச்ல ஒரு பட்டனை அமுக்கினா தூங்கிடும், திரும்ப அமுக்கினா விட்ட இடம். பிரெத் ஆஃப் தி வைல்ட் பாதியை நான் ஆபீஸ் கேப்லதான் முடிச்சேன்.

வெண்பாவைச் சொல்லாம விட்டா அடிப்பீங்க. 2023ல வந்தது, டொரண்டோல நம்ம ஆளுங்க பண்ணின கேம். கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அழிஞ்சு போன அம்மாவோட சமையல் குறிப்புப் புத்தகம், அதுல விடுபட்டதைக் கண்டுபிடிச்சு சமைக்கணும். ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுடும், சேவ் பத்தின கவலையே இல்லை. அம்மா இங்க வந்திருந்தப்போ போட்டேன். இட்லித் தட்டை அடுக்குற இடம் வந்ததும், "ஆவி மேல போக வேணாமா? தட்டைத் திருப்பி வைடா"ன்னாங்க. நம்ம அம்மாவுக்கு வாக்த்ரூ தேவைப்படாத ஒரே கேம்.

கடைசியா, இட் டேக்ஸ் டூ. 2021. ரெண்டு பேர் இல்லாம ஆடவே முடியாது, தனியா ஆடுற ஆப்ஷனே இல்லை. விவாகரத்து பண்ணப் போற புருஷன் பொண்டாட்டி, குட்டி பொம்மையா மாறிடுறாங்க. நானும் என் ரூம்மேட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை ஆடினோம். குக்கூ கடிகாரத்துக்குள்ள போற கட்டம் வரைக்கும் வந்தோம். அதுல ஒருத்தருக்கு நேரத்தைப் பின்னாடி ஓட்டுற சக்தி, இன்னொருத்தருக்குத் தன்னைப் போலவே ஒரு நகலை நிறுத்தி வெச்சுட்டு அந்த இடத்துக்கே குதிச்சுத் திரும்பி வர்ற சக்தி. அந்த வாரம் அவனுக்கு ஜெர்மனி விசா வந்துச்சு. போயிட்டான். வேற யாரையாவது பக்கத்துல உட்கார வெச்சு அந்த சேவைத் தொடரலாம். ரெண்டு பேர் கேட்டாங்க, "வேற கேம் போடலாம்"னு சொல்லிட்டேன். எட்டு மாசம் அந்த ஃபைல் அப்படியே கிடந்தது.

போன மாசம் அவன் அங்க ஒரு செகண்ட் ஹேண்ட் பிஎஸ்5 வாங்கியிருக்கான். என்கிட்ட கேம் இருக்கிறதால ஃபிரெண்ட்ஸ் பாஸ்ல அவனுக்கு ஃப்ரீ. இந்த ஞாயிறு ஆன்லைன்ல சேர்றோம். அவனுக்குக் காலைல 10, எனக்கு மதியம் 2:30. நான் அந்த வாரம் ஆன்-கால்தான், ஆனா ஷிஃப்டை மாத்தி வாங்கிட்டேன்.