காய்ச்சல் தணிந்த நாளில் வேலைக்குப் போகாதீர்!

(பண்டார் தெங்காரா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் கொசுவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். டிங்கிக் காய்ச்சலில் இரண்டும் ஒன்றே என்பதை எடுத்துரைக்கவே வந்திருக்கிறோம்.

இந்நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1902-லேயே பினாங்கில் இது காணப்பட்டது. இரத்தக் கசிவோடு கூடிய கொடிய வகை 1962-ல் அதே பினாங்கில் தலைகாட்டியது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,101 பேரைப் பீடித்து, 182 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

முன்னாளில் நம் முன்னோரைத் தோட்டங்களில் வாரிக் கொண்டுபோனது மலேரியா. 1901-ல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து அதை ஒடுக்கிக் காட்டினார். டிங்கிக் கொசுவுக்கோ சதுப்பு வேண்டியதில்லை. தெளிந்த மழைநீர் ஒரு கையளவு இருந்தால் போதும். வெட்டில்லாத நாட்களில் மரத்தில் நிமிர்ந்திருக்கும் பால் மங்கு, லயத்துப் பின்புறத்து டயர், மூடாத தண்ணீர்த் தொட்டி இவையே அதன் தொட்டில்கள். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை மங்குகளைக் கவிழ்த்து, தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினால் அதன் குலம் அற்றுப்போகும். இக்கொசு பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும், கடிப்பது. நாம் மரத்தடியில் நிற்கும் நேரமும் அதுதான்.

ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று நாம் சும்மா இருந்துவிடலாகாது. இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். 2017-ல் அங்கே 186,101 பேர் டிங்கி நோயாளிகளெனப் பதிவாயினர். ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. நீர்கொழும்பில் தற்காலிக வார்டு அமைக்க வேண்டியதாயிற்று. 440 பேர் மாண்டனர். பெருந்துயரம்தான். ஆயினும் ஆயிரம் பேரில் மூவருக்கும் குறைவாகவே இறந்தனர். டிங்கியைக் கொல்லும் மருந்து அங்கும் இல்லை, எங்கும் இல்லை. நோயாளியை அருகிருந்து கவனித்து, இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்து, அளவறிந்து நீர் ஏற்றியதே உயிர்களைக் காத்தது. உரிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவனுக்குத்தான் அந்தக் கவனிப்புக் கிட்டும்.

நமது நிலை என்ன? பண்டார் தெங்காராவில் அரசாங்கக் கிளினிக் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் கூலாய்க்கோ கோத்தா திங்கிக்கோ போக வேண்டும். உள்தோட்டத்திலிருந்து நடு இரவில் வண்டி தேடுகிறவனுக்கு ஒவ்வொரு நிமிஷமும் பொன்னானது.

இந்நோயின் வஞ்சகத்தைக் கேளுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். உடம்பு தேறிவிட்டது, நாளைக்குப் பெரட்டுக்குப் போகலாம் என்று தொழிலாளி நினைப்பான். அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, நாடி விழுகிறது. ஓயாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுதல், மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும் போதும். ஆஸ்பிரின் கூடாது, அது இரத்தக் கசிவை வளர்க்கும்.

அப்படியானால் ஏன் வேலைக்கு ஓடுகிறான்? ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற அச்சம்! அந்த அச்சத்தைப் போக்கும் ஆயுதம் சட்டத்தில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டாண்டுக்குக் குறைந்த சேவையுள்ளவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குட்பட்டவருக்கு 18 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 முதல் இது தனிக் கணக்கு. டாக்டரின் சான்று வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதை ஒவ்வொரு லயத்திலும் சொல்லுங்கள்.

வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைப்பவரிடமும் சொல்லுங்கள். கொசு எவரிடமும் பெர்மிட் கேட்பதில்லை. அவர் அறையில் வளரும் கொசு நம் பிள்ளையையும் கடிக்கும்.

தோழர்களே! ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மங்கு கவிழ்க்கவும் லயத்தைச் சுத்தம் செய்யவும் வேலை நேரத்திலேயே ஆள் விடும்படி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். இரவில் நோயாளியை ஏற்றிச் செல்ல எந்த வண்டி, யார் ஓட்டுவது என்பதை எழுதி லயத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு நாளாகியும் காய்ச்சல் விடாதவரைக் கிளினிக்குக்கு இட்டுச் சென்று இரத்தம் சோதிக்கச் செய்ய வேண்டும். டிங்கி கண்டால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிப்பது டாக்டரின் கடமை. புகையடிப்போர் வருவதும் அதைக் கொண்டுதான். வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்த காய்ச்சல் லயம் முழுவதையும் பிடிக்கும்.

மரம் நாளைக்கும் பால் தரும். போன உயிர் திரும்பாது. காய்ச்சல் தணிந்த நாளில் கத்தியைக் கையிலெடுக்காமல் படுத்திருப்பது சோம்பலல்ல. அது நம் உரிமை. அந்த உரிமையைக் காப்பது சங்கத்தின் கடமை!