மறையாத அன்பு





ஒரு தாய் மரணித்துவிட்டால், ஜனாஸாவைக் குறைவின்றி நல்லடக்கம் செய்கின்றோம், கண்ணீர் வடிக்கின்றோம். சில மாதங்களில் அவரது பெயர் அவ்வீட்டில் அரிதாகவே கேட்கின்றது. மரணித்தவரை எவ்வாறு நினைவுகூர்வது? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் அருமைத் துணைவியார் அன்னை கதீஜா (ரழி) அவர்களை நினைவுகூர்ந்த விதம் இதற்கு விடையளிக்கின்றது.

அவ்விருவரின் இல்லறம் சுமார் 25 ஆண்டுகள் நீடித்தது. அக்காலமெல்லாம் நபியவர்கள் வேறொரு திருமணம் செய்யவில்லை. காஸிம், அப்துல்லாஹ் என்ற இரு ஆண் மக்களைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, ஸைனப், ருகையா, உம்மு குல்ஸூம், பாத்திமா ஆகிய நான்கு பெண் மக்களை வளர்த்தெடுத்த தாய் அவர்கள். முதல் வஹீ இறங்கியபோது நடுங்கியவாறு வீடு திரும்பிய கணவரைப் போர்த்தி, உறவைப் பேணி, பிறர் சுமையைச் சுமக்கும் உங்களை அல்லாஹ் ஒருபோதும் இழிவுபடுத்தமாட்டான் என்று தேற்றினார்கள். அபூதாலிப் கணவாயின் பகிஷ்கரிப்பிலும் பசியிலும் உடனிருந்தார்கள். ஹிஜ்ரத்துக்குச் சுமார் 3 ஆண்டுகள் முன்னர், கி.பி. 619 அளவில் வபாத்தாகி, மக்காவின் ஹஜூனில் அடக்கப்பட்டார்கள்.

அதன் பின்னரும் அந்த நினைவு மங்கவில்லை. மதீனாவில் ஆடு அறுக்கப்பட்டால் அன்னையின் தோழியருக்கு இறைச்சி அனுப்பி வைப்பார்கள். அன்னையின் சகோதரி ஹாலா (ரழி) அவர்கள் வாசலில் நின்று அனுமதி கோரிய குரல், மறைந்த மனைவியின் குரலை நினைவூட்ட, நபியவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ர் போரில் மகள் ஸைனப் (ரழி) அவர்களின் கணவர் அபுல் ஆஸ் கைதியானார். அவரை மீட்க மகள் அனுப்பிய பொருளில் ஒரு கழுத்துமாலை இருந்தது. தாய் கதீஜா திருமணத்தின்போது மகளுக்கு அணிவித்த மாலை! அதைக் கண்ட நபியவர்களின் உள்ளம் உருகியது. ஆயினும் தாமே தீர்ப்பளிக்கவில்லை. நீங்கள் விரும்பினால் கைதியை விடுவித்து மாலையையும் திருப்பிக் கொடுங்கள் எனத் தோழர்களிடம் கேட்டார்கள். அவர்களும் மனமுவந்து இணங்கினர்.

அன்பர்களே! இச்சம்பவங்களை மிம்பரில் பலமுறை எடுத்துரைத்தவன் நான். ஆனால் என் உம்மா மரணித்து இரண்டு பெருநாட்கள் கடந்த பின்னரே, அவரது நெருங்கிய தோழியின் வாசலை நான் மிதித்தேன். பெருநாள்தோறும் உம்மா அவருக்கு வட்டிலப்பம் அனுப்புவார். தட்டை ஏந்திச் செல்பவன் நானே. என்னைக் கண்டதும் அச்சாச்சி, "மகனே, உம்மாவோடு இந்தப் பாதையும் மூடிவிட்டது என்றல்லவா நினைத்தேன்" என்று அழுதார். நான் தலைகுனிந்து நின்றேன். உம்மாவுக்காகத் தினமும் துஆச் செய்த என் நாவு, அவரது உறவுகளைச் சேர்ந்து நடக்க என் கால்களைத் தூண்டவில்லையே!

இளைஞர்களே! தாயை இழந்திருந்தால் அவரது தோழியரையும் சகோதரிகளையும் தேடிச் செல்லுங்கள்; அவருக்காகத் துஆவும் ஸதகாவும் செய்யுங்கள். தாய் உயிருடன் இருந்தால், அவர் யாரை நேசிக்கிறார் என்பதை இன்றே கேட்டறியுங்கள். தந்தையரே! உங்கள் மனைவியின் தியாகத்தைப் பிள்ளைகள் கேட்க வாய்விட்டுச் சொல்லுங்கள். மரணத்தின் பின்னரும் நபியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நாமோ வாழும்போதே சொல்லத் தயங்குகின்றோம்.

அன்னை கதீஜா உணவுப் பாத்திரத்துடன் வந்துகொண்டிருந்த வேளையில், கூச்சலோ களைப்போ இல்லாத ஒரு சுவர்க்க மாளிகையைப் பற்றிய நன்மாராயத்தை ஜிப்ரீல் (அலை) அவர்கள் கொண்டு வந்தார்கள். வாழ்நாளெல்லாம் நமக்காகக் களைத்த தாய்மாருக்கும் அத்தகைய ஓய்விடத்தை வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.