பரிசோதனைக்குப் போகும் முன்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சென்னையில் மண்ணடி, திருவல்லிக்கேணி போன்ற நெரிசலான பகுதிகளில் உள்ள சிறிய பரிசோதனை நிலையங்களுக்கு நம் குடும்பத்தாருடன் நாங்கள் துணைக்குப் போவதுண்டு. குறுகலான மாடிப்படி, பிளாஸ்டிக் நாற்காலி, கையில் ஒரு டோக்கன். "இங்கே பார்த்தால் சரியாக இருக்குமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். பளபளப்பான கட்டடம் ரத்தத்தைச் சோதிப்பதில்லை. ஊசியை நம் கண்முன் புதிதாகப் பிரிக்கிறார்களா, ரிப்போர்ட்டில் மருத்துவர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருந்தால் இன்னும் நல்லது.

எங்களுக்கு வருத்தம் தருவது வேறொன்று. வாசல் வரை வந்தவர்கள், தயாராக வராததால் திரும்பிப் போகிறார்கள். ஒருநாள் கூலி போகிறது. மறுமுறை வருவதும் தள்ளிப்போகிறது.

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க 8 மணி நேரமாவது சாப்பிட்டிருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், சர்க்கரை போடாத டீயும் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிந்தைய சோதனைக்கு, சாப்பிடத் தொடங்கியதிலிருந்து 2 மணி நேரம். எச்.பி.ஏ.1.சி. சோதனை ஏறத்தாழ 3 மாதச் சராசரியைக் காட்டும். அதற்குப் பட்டினி தேவையில்லை. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவின் அளவு. காலை மாத்திரையைப் போடலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பை ஸ்கேனுக்குப் பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் முக்காட்டு ஊசி, தாயத்து, நகை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஈ.சி.ஜி., ஸ்கேன் எடுக்கப் பெண் ஊழியர் இருக்கிறாரா என்று முந்தின நாளே போனில் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்றால் எக்ஸ்ரேவுக்கு முன் சொல்லிவிடுங்கள். ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

சகோதரர்களே, பிள்ளைக்கு இருமல் என்றால் உடனே ஓடுகிற தாய், தனக்கென்றால் "நல்லாத்தானே இருக்கேன்" என்பார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தொடக்கத்தில் வலிக்காது. சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே அழைத்துப் போவோம். நோன்பு வைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் ரஜப் மாதத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பணம் தடையாக வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனைகளைச் செய்துகொள்ளலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ரிப்போர்ட்டை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டால் சோதித்ததற்குப் பயனில்லை. பழைய ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து ஒரே பைலில் போட்டு, அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். உடல் நம்மிடம் உள்ள அமானிதம்.